சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

ஜூலை 3

தம்பிக்கு,

என் நிலவறையின் பின்சுவரில் இருந்த துளையை நீ அடைத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடைத்தாய். கண் ஆபரேஷன் முடிந்து நான் கட்டோடு மேலே படுத்திருந்த பதினைந்து நாளும், எனக்கு ஒத்தாசை செய்ய வந்தவன் நீ. கீழே இறங்கி இதைச் செய்தாய். செய்ததைச் சொல்லாமல் ரயிலேறினாய். அதனால் என் காளான் அறை முங்கியது. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வியாழன் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. சனிக்கிழமை காலை தண்ணீர் தெளிக்கலாம் என்று கதவைத் திறந்தால், கடைசி நான்கு படிகளைக் காணோம். அங்கே கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அதன்மேல் என் பைகள் மிதந்தன. வைக்கோலை வேகவைத்து, வித்துப் போட்டு, இருபது நாள் இருட்டில் வைத்து, அன்றைக்குத்தான் மொட்டு விட ஆரம்பித்த பைகள். அவசரப்பட்டு இறங்கவில்லை. நிற்கிற தண்ணீரில் கரண்ட் இருக்கலாம். மேலே வந்து மெயினை அணைத்துவிட்டு, முதல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நூலகத்துப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

நீ அடைத்தது ஓட்டை அல்ல. நான் வைத்த வழி. வீட்டுக்குப் பின்னால் மேடு. மேட்டில் விழுகிற மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கி அந்தச் சுவருக்குப் பின்னால்தான் வந்து நிற்கும். அது துளை வழியாக ஒழுகி, மூலையில் இருக்கும் குழிக்குப் போகும். குழி நிறைந்தால் மிதவை எழும்பும், மோட்டார் ஓடும், தண்ணீர் வெளியே போகும். அந்த வழியை நீ மூடினாய். தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து, தரைக் காங்கிரீட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் வந்தது. மோட்டார் முடிந்தவரை இறைத்துவிட்டுப் புகைந்து செத்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பைகள். கீழ்த்தட்டில் குளிர்ச்சிக்காக வைத்திருந்த தாய் வித்துப் பாட்டில்கள் பதினொன்று. பதின்மூன்று வருஷமாக ஒன்றிலிருந்து ஒன்றாக நான் வளர்த்து வந்தவை. அவ்வளவும் சேறு.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் நீ அடைத்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். கையால் தடவினால்கூடத் தெரியாதபடி வழவழவென்று பூசியிருக்கிறாய். கை தேர்ந்த வேலை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மூன்று முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான் தப்பித்திருக்கிறாய். காகிதத்தில் அது நடக்காது. எழுது.

அக்டோபரில் பெரிய மழை. அதற்குள் நீ வர வேண்டும். அடைத்த கையாலேயே திறக்க வேண்டும்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் எழுத்தைத்தான் பார்த்தேன். ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. அப்படியென்றால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் கோபமாக இருந்தால் உனக்குக் கொம்பும் காலும் கோணும். எனக்குத் தெரியாதா?

தப்பு என்னுடையதுதான். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு சண்டை போடுகிறேன்.

நான் கீழே இறங்கியபோது என்ன பார்த்தேன் தெரியுமா? என் சுவரைப் பார்த்தேன். உன் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம், அத்தானின் சைக்கிள் கடைச் சாமான்களை வைப்பதற்காக, அவர் கல் தூக்கிக் கொடுக்க நான் கட்டியது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் தனியாக நின்று கட்டிய முதல் சுவர் அது. அதில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. சுவரெல்லாம் வழிந்து பாசி பிடித்துக் கிடந்தது. சொந்த அக்கா வீட்டில், சொந்தச் சுவரில் கசிவு. அதைப் பார்த்துவிட்டு எந்தக் கொத்தனார் சும்மா வருவான்?

உன்னிடம் கேட்கத்தான் மேலே வந்தேன். நீ கட்டோடு படுத்துக்கொண்டு, “என்னடா, கீழ எல்லாம் சரியா இருக்கா?” என்றாய். “கல்லு மாதிரி இருக்குக்கா” என்றேன். வாயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் எப்படி ஓட்டை என்று சொல்வது? நீ கண்ணைத் திறந்து இறங்கும்போது சுவர் காய்ந்து கிடக்க வேண்டும், ‘அடேய், யாருடா செஞ்சது?’ என்று நீ கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஐம்பத்தொன்பது வயதுக் கிழவனுக்கு இந்த ஆசை ஆகாது, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது என்னால் வர முடியாது. இங்கே ஒரு வேலை என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. விட மாட்டேன் என்கிறது. என்னோடு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் உன் வீட்டுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். அனுப்புகிறேன். நல்ல கை. திறந்து கொடுத்துவிட்டுப் போவார்.

ஒன்று மட்டும் சொல். அந்தத் துளையை நீ எப்போது போட்டாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

உன் மேஸ்திரி வந்தார். வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

“அண்ணன் அனுப்புனாரும்மா. சுவத்துல ஒரு ஓட்டை போடணுமாமே?”

“அடைச்சவன் வந்து எடுப்பான். நீங்க தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

“அஞ்சு நிமிஷ வேலைம்மா.”

“அடைச்சதும் அஞ்சு நிமிஷ வேலைதான்.”

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, “அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். “அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருப்பான்” என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். உன்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருமே இப்படித்தானா, பாதியில் நிறுத்துகிறவர்களா?

நான் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்காதே. தண்ணீரை வாளியால் இறைத்து முடிக்க ஆறு நாள் ஆயிற்று. கெட்ட வைக்கோலை மேட்டில் குவித்து மக்க விட்டேன். தட்டுகளின் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல் வைத்துத் தூக்கினேன். இனி முழங்கால் அளவு வந்தாலும் கீழ்த்தட்டு நனையாது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் பிளக் எல்லாவற்றையும் என் தலை உயரத்துக்கு ஏற்றினார். “ஏம்மா, ஸ்டூல் போட்டு ஏறியா சுவிட்ச் போடுவீங்க?” என்று கேலி வேறு. “ஏறுவேன், உங்க பொண்டாட்டி சத்தம் போட்டா நீங்க ஸ்டூல்ல ஏறி நிக்கிற மாதிரி” என்றேன். புது மோட்டார் வாங்கிக் குழியில் வைத்தாயிற்று. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாதபடி குழாயை நீட்டியாயிற்று. தெரிந்தவர்களிடம் வித்து வாங்கி, அறுபது பை போட்டிருக்கிறேன். அது என் வித்து அல்ல. ஆனாலும் காளான்.

எல்லாம் செய்தேன். துளையை மட்டும் தொடவில்லை. அது உன் வேலை.

ஆறு வயதில் எறும்புப் புற்றை மண் போட்டு அடைத்தாயே, நினைவிருக்கிறதா? மறுநாள் எறும்பெல்லாம் உன் பாய்க்கு அடியிலிருந்து கிளம்பி வந்தது. அன்றைக்கே நீ கற்றிருக்க வேண்டும்.

உன் எழுத்து என்ன, குடித்தவன் நடந்த மாதிரி இருக்கிறது? படுத்துக்கொண்டா எழுதுகிறாய்? அக்காவுக்கு எழுதும்போது எழுந்து உட்காரு.

அக்கா


ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சோம்பேறி ஆகிவிட்டேன். உன் மருமகள் கெடுத்து வைத்திருக்கிறாள். சோறுகூட இருக்கிற இடத்துக்கு வருகிறது.

செங்கல் வைத்தது சரி. பிளக் சரி. எலக்ட்ரீஷியனிடம் நீ சொன்னதைப் படித்துவிட்டு நான் சிரித்ததில் மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். ஆனால் கூரைக் குழாயை எந்தப் பக்கம் நீட்டினாய்? பின்பக்கம் நீட்டியிருந்தால் உடனே மாற்று. மேட்டுக்குக் கொடுக்கிற தண்ணீர் திரும்ப உன் சுவருக்குத்தான் வரும். முன்பக்கம், தெருச் சரிவுக்கு, வீட்டிலிருந்து பத்தடி தள்ளி விடு. தரை தூக்கிய இடத்தில் விரிசல் இருக்கும். அதைப் பூசி மூடிவிடாதே. துளை திறக்கிறவரை அப்படியே கிடக்கட்டும்.

என் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை.

படுத்துக் கிடந்தால் கண்டதும் நினைவுக்கு வருகிறது. நான் வந்த அன்று கொல்லையில் ஆணியில் ஒரு சைக்கிள் டியூப் துண்டு தொங்கியது. கழுவிக் காயப் போட்டிருந்தது. சைக்கிளே இல்லாத வீட்டில் டியூப் எதற்கு என்று ஒரு நொடி நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன். அக்கா, அந்த டியூப் துளையில் செருகுவதா? அதுதான் குழிக்கு இழுத்துவிட்டிருந்ததா? அது அதன் இடத்தில் இருந்திருந்தால், அது ஓட்டை அல்ல என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

கேட்டாய். எழுதுகிறேன். இதற்காக நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

உன் அத்தான் இறந்த வருஷம் அது. பெரிய மழை. சாமான்களை ஒதுக்கலாம் என்று கீழே போனேன். பின்சுவர் நடுவில் பிதுங்கி நின்றது. நூல் பிடித்துப் பார்த்தேன். மூன்று விரல் அளவு முன்னால் வந்திருந்தது. பின்னால் தண்ணீர் சேர்ந்து நெட்டித் தள்ளுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. நூலகத்துக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். மண்ணைத் தாங்கி நிற்கிற சுவருக்கு அடியில் தண்ணீர் வடிய வழி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. உன் சுவரில் அப்படி ஒரு வழி இல்லை.

கடையில் மிச்சமிருந்த அத்தானின் கை டிரில்லை எடுத்தேன். அது இரும்புக்குச் செய்தது. கல்லில் ஏறவில்லை. உளியும் அதுவுமாக மாற்றி மாற்றி வைத்து, நாலு நாளில் கட்டைவிரல் அளவுக்குத் திறந்தேன். தண்ணீர் மூன்று நாள் ஓடியது. சுவர் அதற்குமேல் பிதுங்கவில்லை. அத்தான் விட்டுப்போன டியூபில் ஒரு முழம் வெட்டிச் செருகினேன். அன்றைக்கு அந்த ஈரத்தையும் இருட்டையும் பார்த்துத்தான் இங்கே காளான் வரும் என்று எனக்குத் தோன்றியது. நீ அடைத்த துளையிலிருந்துதான் என் பிழைப்பே வந்தது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்த வருஷம்தான் நீ முதல் முறையாகச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையை எடுத்திருந்தாய். போன் செய்து, “அக்கா, உன் வீட்டுச் சுவர்தான் எனக்குப் பிள்ளையார் சுழி” என்றாய். அப்படிச் சொல்கிறவனிடம், உன் சுவர் பிதுங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

டியூபை ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று நான்தான் கழற்றினேன். உள்ளே வழுவழுவென்று அடைத்திருந்தது. கழுவி ஆணியில் மாட்டினேன். காய்ந்ததும் செருகலாம் என்று இருந்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. அப்புறம் கண்ணில் கட்டு. உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் துளையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

ஆகவே தப்பில் கால்வாசி என்னுடையது. முக்கால்வாசி உன்னுடையது. அதில் மாற்றம் இல்லை.

குழாயை முன்பக்கம் மாற்றிவிட்டேன். நீ எப்போது வருகிறாய்?

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கால்வாசிகூட உன்னுடையது இல்லை. கேள்.

எனக்குத் தெரியும். அந்தச் சுவரில் வடிகால் இல்லை என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அதைக் கட்டிய நாலாம் வருஷம் ஒரு மலைச்சாலை வேலைக்குப் போனேன். தடுப்புச் சுவரில் அடிக்கு அடி குழாய்த் துண்டு பதித்துக்கொண்டிருந்தார்கள். “இது எதுக்கு?” என்று கேட்டேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்து, “நீ கொத்தனாரா, இல்ல கொத்தமல்லி விக்கிறவனா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் வீட்டுச் சுவர் கண்ணுக்குள் நின்றது.

சொல்லியிருக்க வேண்டும். வெட்கம், அக்கா. ஒவ்வொரு முறை வரும்போதும் கீழே போய்ப் பார்ப்பேன். நீ முன்னால் தட்டு போட்டு, பை அடுக்கி மறைத்திருப்பாய். சுவர் நிற்கிறது, அது போதும் என்று ஏறி வந்துவிடுவேன். இந்த முறை பையை நகர்த்தித் தண்ணீர் தெளித்தபோது அந்த ஈரத்தைப் பார்த்தேன். என் தப்பு ஒழுகுகிற மாதிரி இருந்தது. யோசிக்கவில்லை. அடைத்துவிட்டேன். விவரம் தெரிந்த கொத்தனார் எவனும் அதை அடைக்க மாட்டான். தெரிந்துகொண்டே அடைத்தவன் நான்தான்.

இனி நான் வர முடியாததைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

நெஞ்சில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது. முப்பத்தேழு வருஷத் தூசி. உன்னிடம் வருவதற்கு முன்பே இருமல் இருந்தது. திரும்பி வந்த பத்தாம் நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். என்னைப் பிடித்து வைத்திருக்கிற வேலை அதுதான். நீ துளையில் டியூப் செருகினாய், எனக்கு மூக்கில் செருகியிருக்கிறார்கள். சிரிக்காதே, சிரித்தால் எனக்கு இங்கே இருமல் வரும்.

டாக்டர் எங்கெல்லாம் போனாய் என்று கேட்டார். காளான் அறை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காளான் விரியும்போது பறக்கிற தூள் என் நெஞ்சுக்கு ஆகாதாம். அந்த அறை இருக்கிற வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்றார். நீ கூப்பிடுகிற இடம் எனக்கு ஆகாத இடமாகிவிட்டது, அக்கா. எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. மகள் கேட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

வேறு எவரையும் கூப்பிட வேண்டாம். நீயே திற. எழுதிக்கொள்: இடது மூலையிலிருந்து நான்கு சாண், தரையிலிருந்து ஒரு சாண். மேல் பூச்சு அரை விரல் கனம். உள்ளே நாலு விரல் ஆழத்துக்குத்தான் சிமெண்ட். அதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டையைச் சுருட்டித் திணித்திருக்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை இல்லை, திட்டாதே. மழை இல்லாத நாளில் செய். முதலில் மோட்டாரை ஓட்டிச் சரிபார். உளியைச் சாய்த்துப் பிடி. துளைக்கு நேராக நிற்காதே, பக்கவாட்டில் நில். பின்னால் நிற்கிற தண்ணீர் சட்டென்று வரும். கண்ணாடி போட்டுக்கொள். ஆபரேஷன் செய்த கண்.

தம்பி


செப்டம்பர் 8

தம்பிக்கு,

நேற்றுக் காலை போன் செய்தேன். உன் மகள் எடுத்து, “அலோ, யாரு?” என்றாள். பின்னால் அந்த மெஷின் இரைந்தது. நடுவில் நீ இருமினாய். இருமி முடிகிறவரை கேட்டேன். எனக்குப் பேச வரவில்லை. வைத்துவிட்டேன்.

நான்தான் அது. அவள் பயந்திருப்பாள். சொல்லிவிடு.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

நீதான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். “யாருப்பா, பேசாமலே வெச்சிட்டாங்க?” என்றாள். “உங்க அத்தைதான். பேசாம இருந்தே திட்ட அவளுக்கு மட்டுந்தான் தெரியும்” என்றேன்.

அதிகம் எழுத முடியவில்லை. திறந்தாயா? அங்கே மேகம் கூடுகிறதா?

தம்பி


செப்டம்பர் 24

தம்பிக்கு,

திறந்துவிட்டேன்.

திங்கள் காலை வெயில் அடித்தது. மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி போட்டேன். நீ சொன்ன இடத்தை அளந்து, உளியைச் சாய்த்துப் பிடித்தேன். உன் பூச்சு லேசில் விடவில்லை. மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன். சிமெண்ட் போனதும் துணி தெரிந்தது. நுனியைப் பிடித்து, பக்கவாட்டில் நின்று இழுத்தேன். முதலில் அது வந்தது, பின்னாலேயே தண்ணீர். எதிர்த் தட்டுவரை பாய்ந்தது. முதலில் கறுப்பு, பிறகு மண் நிறம், மதியத்துக்கு மேல் தெளிவு. குழி நிறைய நிறைய மோட்டார் எடுத்துக் கொடுத்தது. இரண்டாம் நாள் தூக்கியிருந்த தரை ஒரு விரல் கீழே இறங்கியது. உன் சுவர் நிற்கிறது. நூல் பிடித்துப் பார்த்தேன். அதே மூன்று விரல்தான், கூடவில்லை.

நீ பொய் சொன்னாய். அது நீலச் சட்டைதான். காலரில் நான் தைத்த பொத்தான் இருக்கிறது. துவைத்துக் கொல்லையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது இன்னொரு குற்றத்தை எழுத வேண்டும். இது நான் செய்தது. கீழே இறங்கும்போது நான் முகமூடி கட்டிக்கொள்வேன். கதவுக்குப் பின்னால் தொங்கும். நீ பதினைந்து நாள் என் பைகளுக்கு நடுவில் நின்று தண்ணீர் தெளித்தாய். முகமூடியைப் பற்றி நான் சொல்லவில்லை. நீ படியேறும்போது இருமினாய். மேலே படுத்துக்கொண்டு, “தண்ணி குடிடா” என்று கத்தினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, போனில் பேச மாட்டேன், எழுது என்றேன். போனை எடுத்திருந்தால் ஜூலையிலேயே உன் மூச்சு எனக்குக் கேட்டிருக்கும். உன் மேஸ்திரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தெரியவில்லை. அதனால் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

காளான் போகிறது. அறுபது பையையும் எலக்ட்ரீஷியனின் மனைவி தன் கொட்டகைக்கு எடுத்துக்கொள்கிறாள். தட்டுகளும் அவளுக்குத்தான். கொண்டுபோக வேண்டியவர் எலக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருத்தப்பட்டு எழுதாதே. முடிவு செய்தாயிற்று.

அறையைச் சோடா போட்டுக் கழுவி, ஈரத் துணியால் மூன்று முறை துடைத்து, சுண்ணாம்பு இரண்டு கை அடிக்க வேண்டியவள் நான். முகமூடியோடு.

அறை காலியானாலும் தண்ணீர் வரும். நிலவறை நனைந்தால் மேலே முன்னறைச் சுவரில் ஈர ஓதம் ஏறும். நீ இங்கே வந்தால் அந்த அறையில்தான் உன் கட்டில். ஆகவே ஒரு சொட்டும் நிற்கக் கூடாது. டியூபைச் சனிக்கிழமை தோறும் கழற்றிக் கழுவி, அதே நாளில் திரும்பச் செருக வேண்டியவள் நான். டியூப் கழன்றிருந்தாலும் எவருக்கும் தெரியும்படி, ‘இது வழி, அடைக்காதே’ என்று சுவரில் பெயிண்டால் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கரண்ட் போனாலும் மோட்டார் ஓட பேட்டரி வைக்க வேண்டும். குழி நிறைந்தால் மேலே மணி அடிக்க வேண்டும். உன் மெஷினுக்குத் தனி பேட்டரி, தனி லைன். இவை எலக்ட்ரீஷியனின் வேலை.

தரை விரிசலை இப்போது பூசலாமா என்று பார்க்க வேண்டியவர் உன் மேஸ்திரி. வரச் சொல். இந்த முறை சோறு போட்டு அனுப்புகிறேன்.

காளான் இல்லாத, கழுவிய, காய்ந்த வீட்டுக்கு உன்னைக் கொண்டுவரலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டியவள் உன் மகள். எப்போது என்று அவர் சொல்கிற நாளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியவளும் அவள்தான். கூடாது என்று அவர் சொல்லிவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே வர வேண்டியவள் நான். அப்போது சனிக்கிழமை டியூப் எலக்ட்ரீஷியன் பொறுப்பு.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். நீ எடுக்க வேண்டும். பேச வேண்டாம், மூச்சு வாங்கும். நான் பேசுகிறேன். நடுநடுவே இருமு, போதும். கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா